கடைமடைப் போஸ்டிங்

பொது மருத்துவம் நான்கு மாதம்,
குழந்தைகள் மூன்று, பிரசவ வார்டு மூன்று,
அறுவை, எலும்பு, கண், காது,
மனநலம் பதினைந்தே நாள்,
அதிலும் தீபாவளி வந்துவிட்டது.
குடும்ப மருத்துவம் என்று பெயர் வைத்த படிப்பில்
திருவாரூர் பெரியாஸ்பத்திரியின் எல்லா மாடியும் ஏறியாயிற்று.
குடும்பம் மட்டும்
கேட்டுக்கு வெளியே, டிபன் தூக்கோடு,
பார்வை நேரத்துக்காக நின்றுகொண்டிருந்தது.

லாக் புத்தகத்தில் மூன்று கட்டம்:
பார்த்தது, உதவியது, தானே செய்தது.
முதுகுத்தண்டில் ஊசி, பதினொன்று, தானே.
பிரசவம், நாற்பத்தாறு, தானே.
பெற்றவர்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

வார்டில் நோய்க்குப் பெயர் இருந்தது.
ஒன்பதாம் கட்டில் எலிக்காய்ச்சல்,
பதினான்கு நெஞ்சுவலி,
வராந்தாவில் பாய் போட்டுச் சிறுநீரகம்.
யாரோ எங்கேயோ முறத்தில் புடைத்து
அனுப்பிய பிறகே என்னிடம் வந்தார்கள்.
புடைத்த அரிசியில் கல் பார்த்து
நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு ஆறு மாதம்
கீழப்பனையூர் ஆரம்ப சுகாதார நிலையம்.
முதல் நாள் எழுபத்துமூன்று சீட்டு.
தையல்நாயகி சொன்னார்:
"ஒரு மாதிரியா இருக்கு டாக்டர்."
எந்த வார்டு அது, எந்த மாடி?
"எங்க?" என்றேன்.
"அப்படி எடம்னு இல்ல."
"எப்பலேர்ந்து?"
"சம்பா தண்ணியில போச்சே, அதுக்கு முன்னாடியே."
ரத்த அழுத்தம் பார்த்தேன். நார்மல்.
நார்மல் என்று எழுதிக் கீழே கோடு போட்டேன்.
கோட்டின் கீழே எழுத ஒன்றும் தெரியவில்லை.

மாசிலாமணிக்குச் சர்க்கரை, காலில் புண்.
டிஸ்சார்ஜ் தாளில் நூறு முறை எழுதிய வரியைச் சொன்னேன்:
"காலில் ஈரம் படக்கூடாது."
நடவு நாள். கணுக்கால்வரை சேறு.
மரியாதையாகச் சிரித்தார்.

நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும்.
புரட்டாசியில் ஒரு விடியற்காலை
வயிற்றுவலி என்று குணாளனைத் தூக்கி வந்தார்கள், பதினாறு வயது.
"ராத்திரி பரோட்டா தின்னான்" என்றார் சித்தப்பா.
நர்ஸ் வாயு ஊசியை உடைத்தேவிட்டார்.
பையனின் கண்ணிமை மட்டும்
பாதி ஷட்டர் இறக்கிய கடைபோல.
எமர்ஜென்சியின் இரவுகள் அந்த இமையை
நான்கு முறை காட்டியிருந்தன,
கட்டுவிரியன் என்ற சீட்டோடு.
சீட்டில்லாமல் இதுதான் முதல்.
"தரையில படுத்தானா?"
"ஆமா, புழுக்கமா இருக்குன்னு."
பத்துக் குப்பி விஷமுறிவு.
நூற்றியெட்டில் இருபத்தாறு கிலோமீட்டர்
அவன் மூச்சைப் பையில் வைத்து அமுக்கியபடியே போனேன்.
ஐ.சி.யூ.வில் பிரிட்டோ வாங்கிக்கொண்டான்.
"பாத்தியா, போஸ்டிங் வீண் போகல."
போகவில்லை.

ஐப்பசியில் அவன் அம்மா வந்தார்.
வரிசையில் கடைசி ஆள்.
"லைட்ட அணைக்க விடமாட்டேங்கிறான்.
யாருக்கும் தூக்கமில்ல."
எழுந்து, கதவுவரை போய்,
திரும்பிக் கேட்டார்:
"ஒரு கட்டில் என்ன வெல இருக்கும் டாக்டர்?"
கட்டில் எண் சொல்லிச் சொல்லியே
மருத்துவம் படித்தவள் நான்.
விலை தெரியவில்லை.
அன்று மாலை திருவாரூர் கடையில் விசாரித்தேன்.
நைலான் பட்டை, மடக்குவது, ஆயிரத்து நானூற்றைம்பது.
புத்தகத்தில் எந்தக் கட்டத்திலும் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை மறுபடி தையல்நாயகி.
"அதே மாதிரிதான்."
பிரஷர் பட்டையை எடுத்த கை
அதை மேசையில் வைத்தது.
"எந்த வருஷத்துச் சம்பா?"
நிமிர்ந்து பார்த்தார்.
"எங்களது கடைமடை.
தண்ணி வராமப் போன வருஷமும் உண்டு,
வந்து முழுக்கின வருஷமும் உண்டு.
எதச் சொல்ல?"
"ரெண்டையும்" என்றேன்.

வெளியே இன்னும் ஐம்பத்தெட்டுச் சீட்டு.